இருபத்து நான்கில் ஒரு பங்கு

ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலையில், யன்னலோரமாக மேசையொன்றின் முன் அமர்ந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி போதாதென்று ஒரு பூதக்கண்ணாடியும் முன்னே நிற்கிறது. வலக்கையிற் சாமணம், அதன் நுனியில் நெல்மணியளவான பிளாஸ்டிக் துண்டொன்று. அது ஒரு காரின் கதவுப்பிடி. மூச்சை அடக்கிக்கொண்டு அதனை உரிய இடத்தில் வைக்க முயலும் வேளையில், அயல்வீட்டு நண்பர் எட்டிப் பார்த்து, "ஆருடைய விளையாட்டுச் சாமானைத் திருத்திறியள்?" என்று கேட்கிறார். "என்னுடையதுதான்" என்று மறுமொழி சொல்லச் சிறிது துணிவு வேண்டியிருக்கிறது.

அந்த மனிதர் நானே. பிள்ளைப் பருவத்திற் செய்து, பின்பு கைவிட்ட மாதிரிக் கார் வேலையை நடுவயதில் மீண்டும் எடுத்த கதையையும், அதனால் நான் கண்டுகொண்ட சிலவற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சிறுவர் வண்டி உருட்டுவது தமிழருக்குப் புதிய செய்தியன்று. மூன்று சக்கரமுடைய சிறுதேரைச் சிறுவர் உருட்டுவதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஏறிச் செல்வதற்கு உதவாத, உருட்டி மகிழ்வதற்கு மாத்திரமே தச்சர் செய்த தேரொன்று பெரும்பாணாற்றுப்படையிலே வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம். சூத்திரகர் வடமொழியில் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் தமிழாக்கியபோது, மண்ணியல் சிறுதேர் என்றே அதற்குப் பெயரிட்டார். இவ்வாறு சிறுதேரைப் பாடிய புலவர்கள், குழந்தையின் கையில் அதனைக் கொடுத்ததோடு நின்றுவிட்டனர். வளர்ந்து, தலை நரைத்தபின், அச்சிறுதேரைத் தேடித் திரும்பி வருகிறவனுக்கென்று ஒரு பருவத்தை எவரும் வகுக்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில். என் தந்தையார் வாடகைக்குக் கார் ஓட்டியவர். அவருடைய கார் ஒஸ்ரின் ஏ-40 சொமசெற். இவ்வகைக் கார்கள் இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டவை. 1200 கன சென்ரிமீற்றர் கொண்ட இயந்திரம். உருண்டு திரண்ட உடல். மூக்கின்மேல் சிறகு விரித்த 'ஏ' எழுத்து. கியர்த்தடி நிலத்தில் இல்லாமற் சுக்கானின் தண்டிலே இருக்கும். பிறந்த நாட்டில் அவை அரும்பொருள்களாகிவிட்ட பின்னரும், யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஏ-40 கார்கள் நோயாளரையும், மணமக்களையும், சந்தைக்குப் போகும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடின.

எங்கள் காலத்து விளையாட்டுக் கார்கள் கடையில் வாங்கியவையல்ல. நுங்கு குடித்த கோம்பைகள் இரண்டைத் தடியாற் கோத்தால் அது வண்டில். மீன் அடைத்து வந்த தகரப்பேணியைத் தட்டி நிமிர்த்தினால் அது லொறியின் பெட்டி. தேய்ந்த இறப்பர்ச் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டுகள் சக்கரங்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்தபோது என் தமையன்மார் இவற்றைச் செய்யக் கற்றார்கள். அவர்களிடமிருந்து நான் கற்றேன்.

எனக்குப் பதினொரு வயதானபோது, இங்கிலாந்திலிருந்து வந்த மாமா ஒருவர் எனக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். மூடியிலே பச்சை நிறமான பந்தயக் காரொன்று புழுதி கிளப்பிக்கொண்டு பாய்கிறது. திறந்து பார்த்தால், உள்ளே கார் இல்லை! கொடியிலே காய்கள் தொங்குவதுபோலப் பிளாஸ்டிக் தண்டுகளிலே எண்ணிட்ட சிறு துண்டுகள் தொங்குகின்றன. அது 1930ஆம் ஆண்டின் பென்ற்லிக் காருக்குரிய எயர்பிக்ஸ் பெட்டி. காரைச் செய்யவேண்டியவன் நான் என்று விளங்கச் சிறிது நேரம் சென்றது.

இத்தகைய பெட்டிகளின் வரலாறு சுவையானது. ஹங்கேரி நாட்டவரான நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் இங்கிலாந்தில் எயர்பிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அது காற்றூதும் இறப்பர் விளையாட்டுப் பொருள்களையே செய்தது. 1949இல் பேர்கசன் உழவு இயந்திரத்தின் விற்பனைக்கு உதவும் பொருட்டு அதன் சிறு மாதிரியை வார்த்தது. பின்னர், 1952இல், கோல்டன் ஹைன்ட் என்னும் பழைய பாய்க்கப்பலைத் துண்டுகளாகப் பையிலிட்டு, வூல்வேத் கடைகளில் 2 சிலிங்குக்கு விற்றது. ஒட்டும் வேலையை வாங்குபவனிடமே விட்டதனால் விலை குறைந்தது. விலை குறைந்ததனால் ஒரு தலைமுறைச் சிறுவர் முழுவதும் கைவேலை கற்றது. அமெரிக்காவில் றெவல் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் பழங்காலக் கார்களைப் பெட்டியிலிட்டது. 1958 முதல் ஏ.எம்.ரி. என்னும் நிறுவனம், ஒரே காரை மூன்று விதமாகச் செய்துகொள்ளத்தக்க பெட்டிகளை விற்றது. யப்பானிலே, மரத்தால் மாதிரிகள் செய்துவந்த தமியா நிறுவனம் 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது.

இவ்வேலை சிறுவர்களின் பொழுதுபோக்குத்தானே என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி சொல்லலாம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் 1930 முதல் 1968 வரை பிஷர் கைவினைச் சங்கத்தின் போட்டிகள் நடந்தன. இளைஞர்கள் தாமே கற்பனை செய்த காரின் மாதிரியைத் தம் கையாலே செய்து அனுப்பினர். வென்றவர்களுக்குக் கல்விக்கான பணம் கிடைத்தது. 1947இல் வென்ற சாள்ஸ் ஜோர்டன் என்னும் இளைஞர் பின்னாளில் அந்நிறுவனத்தின் கார் வடிவமைப்புப் பகுதிக்கே தலைவரானார். ஆனால் ஒரு ஜோர்டனுக்கு எத்தனையோ ஆயிரம் பேர் என்னைப்போலக் கணக்கெழுதப் போயினர். அவர்களுக்கு அந்தக் கைவேலையால் என்ன பயன் என்பதே என் கேள்வி.

பென்ற்லிக் காரை ஒட்டியபோது முதற்பாடத்தைக் கற்றேன். இப்பெட்டிகளிலுள்ள பிளாஸ்டிக் பொலிஸ்ரைரீன் எனப்படுவது. அதற்குரிய பசை, நாம் கடிதம் ஒட்டும் பசையைப் போன்றதன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைக்கும் திரவம். கரைந்த இரு பரப்புகளும் ஒன்றிற் கலந்து, திரவம் ஆவியாகிப் போனதும், இரு துண்டுகளும் ஒரே துண்டாகிவிடுகின்றன. ஆதலின் பிழையாக ஒட்டியதைப் பிரித்தெடுத்தல் அரிது. பசை பட்ட விரலால் முன்கண்ணாடியைத் தொட்டுவிட்டேன். என் விரல்ரேகை அதிலே நிரந்தரமாகப் பதிந்தது. அழுதுகொண்டு தந்தையாரிடம் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, "தம்பி, கண்ணாடியிலை கை வைச்சால் ஓட்டுறவனுக்கு வழி தெரியாது" என்றார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு.

அடுத்த ஆண்டு, பெட்டி எதுவும் வராதபோது, தந்தையாரின் காரையே மரத்திற் செய்யத் தொடங்கினேன். வேலியில் நின்ற முள்முருக்கின் கொப்பொன்றை வெட்டிக் காயவைத்தோம். அது மெத்தென்ற மரம், பேனாக்கத்திக்கும் இணங்கும். ஆனால் அளவு வேண்டுமே? அம்மா சட்டை தைக்கும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, ஒரு முனையைத் தந்தையார் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து, காரைச் சுற்றிச் சுற்றி அளந்தோம். அவர் சரியாகப் பிடிக்கவில்லையென்று பலமுறை சினந்தேன். அப்பொழுது படலையில் ஒருவர் வந்து நின்று, பருத்தித்துறைக்குப் போகக் கார் வேண்டுமென்றார். "கார் வேலையிலை நிக்குது" என்று சொல்லித் தந்தையார் அவரை அனுப்பிவிட்டார். நான் அடுத்த அளவைக் குறித்துக்கொண்டேன்.

அந்த மரக்கார் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியிற் பத்து ஆண்டுகள் நின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது, நாங்களும் புறப்பட்டோம். உண்மைக் கார் எங்களையும் அயலவரின் மூட்டைகளையும் சுமந்துகொண்டு, மக்கள் வெள்ளத்தின் நடுவே, நடப்பவரினும் மெதுவாக ஊர்ந்தது. மரக்கார் அலுமாரியிலேயே நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அலுமாரி இருந்த இடத்திற் சுவர் மாத்திரம் இருந்தது. சில ஆண்டுகளின் பின் தந்தையார் காரை விற்றார். 2004இல் அவரும் காலமானார். நான் கொழும்பிலே தொழில் தேடிக்கொண்டு, குடும்பக்காரனாகி, கைவேலையை மறந்தேன்.

மறந்தவர்கள் திரும்புவது எங்கும் நிகழ்கிறது. மாதிரிப் பெட்டிகள் இன்று பெரும்பாலும் சிறுவர்களுக்காக விற்கப்படுவனவல்ல. சிறுவயதில் அவற்றை ஒட்டி, பரீட்சை, தொழில், திருமணம் என்று விலகிப்போய், நாற்பது ஐம்பது வயதில் திரும்பி வருபவர்களுக்காகவே பெரிதும் விற்கப்படுகின்றன. என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு. பெற்றோலுக்காக ஓர் இரவும் பகலும் வரிசையில் நின்றபோது தந்தையாரின் நினைவு வந்தது. 1990களில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்திலே, எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிற் காத்து வைத்த சில துளி பெற்றோலைக் கொடுத்து இயந்திரத்தை முதலில் இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் தெருவை நிறைக்கும். ஆயினும் கார் ஓடும். இதனை எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மின்சாரம் இல்லை. செய்வதற்கும் ஒன்றில்லை. அலுமாரியின் மேல் ஐந்தாண்டுகளாகத் திறக்காமற் கிடந்த பெட்டியொன்றை இறக்கினேன். உறவினர் ஒருவர் எப்பொழுதோ அன்பளித்த தமியா பெட்டி. மினி கூப்பர்க் கார். இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு. யன்னல் வெளிச்சத்தில் அதைத் திறந்தேன்.

திறந்தவுடன் தெரிந்தது, கை இருக்கிறது, கண் இல்லையென்பது. நாற்பது வயதுக்குப் பின் கண்ணின் வில்லை நெகிழும் தன்மையை மெல்ல மெல்ல இழக்கிறது. கிட்டவுள்ள பொருள் மங்குகிறது. பதினொரு வயதில் மூக்கின் நுனியிற் பிடித்துப் பார்த்த துண்டை இப்பொழுது கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கவேண்டியிருந்தது. விரைவில் ஒட்டும் பசையொன்றைக் கண்ணாடிக்குப் பாவித்தேன். அதன் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கின்மேல் வெண்புகையாகப் படிந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் நான் கெடுத்தது முன்கண்ணாடியையே!

நிறப்பூச்சு இன்னொரு சோதனை. மழைக்காலத்து நாளொன்றில் விசிறிப் பூசிய கறுப்பு நிறம், காயும்போது சாம்பல் பூத்ததுபோல் வெளிறியது. பூச்சிலுள்ள கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், அந்த ஈரம் அங்கே படிந்து பூச்சை வெளுக்கச் செய்கிறது. மழை ஓய்ந்த நாளாகப் பார்த்து, முற்பகல் வெயில் ஏறியபின், மெல்லிய பூச்சாகப் பூசி, ஒன்று நன்கு காய்ந்தபின் மற்றொன்று பூசவேண்டும் என்று கற்றேன். சிறுவயதில் ஒரே நாளிற் காரை முடிக்கவேண்டுமென்று துடித்தேன். இப்பொழுது ஒரு வாரம் காத்திருத்தல் எளிதாக இருந்தது. கண் இழந்ததைப் பொறுமை ஓரளவு ஈடு செய்தது.

மினிக் கார் ஒருவாறு முடிந்தது. அதன்பின் எனக்கு வேண்டியது எதுவென்று தெரிந்துவிட்டது. இழந்துபோன சொமசெற்றைத் திரும்பச் செய்யவேண்டும். இம்முறை சரியாகச் செய்யவேண்டும்.

இவ்விடத்தில் அளவுத்திட்டத்தைப் பற்றிச் சில வார்த்தை. இருபத்து நான்கில் ஒரு பங்கு என்றால், உண்மைக் காரின் 24 அங்குலம் மாதிரியில் 1 அங்குலம். ஏறக்குறைய 4 மீற்றர் நீளமான கார் 17 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். கடைகளிற் காணும் சிறிய உலோகக் கார்களிற் பல நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. அந்த விசித்திரமான எண், ஓர் அடிக்கு 7 மில்லிமீற்றர் என்ற பழைய விளையாட்டு ரயிலின் கணக்கிலிருந்து வந்தது. ரயில் நிலையத்தின் முன் நிறுத்துவதற்காகவே அக்கார்கள் முதலிற் செய்யப்பட்டன.

எல்லாவற்றையும் ஒரே விகிதத்திற் சுருக்கினாற் போதும் என்று நினைப்போம். போதாது. மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு தடிப்பான பூச்சை மாதிரியிற் பூசினால், அது உண்மைக் காரில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் தடித்த சாந்துக்குச் சமம். கதவின் விளிம்புகள் மறைந்துபோகும். முழுக்கறுப்பைப் பூசினாற் கார் பொம்மையாகிவிடும். சிறிது சாம்பல் நிறம் கலந்தால் மாத்திரமே, தூரத்தில் நிற்கும் உண்மைக் காரைப் பார்ப்பது போலத் தோன்றும். சிறிதாக்குகிறவன், பெரியதை மிகக் கூர்ந்து பார்த்திருக்கவேண்டும். இதனை நன்கு உணர்ந்தவர் தமியா நிறுவனத்தின் சுன்சாக்கு தமியா. 1976இல் வெளிவந்த போர்ஷே 934 மாதிரிக்காக, அவர் உண்மையான போர்ஷே 911 காரொன்றை விலைக்கு வாங்கி, துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்தார். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவான பொம்மைக்கு ஒரு முழுக் கார் விலையாயிற்று.

என்னிடம் கழற்றுவதற்குக் கார் இல்லை. நினைவு இருந்தது, ஒரு புகைப்படம் இருந்தது. புகைப்படத்திலே தந்தையார் காரின் முன்புறத்தில் சாய்ந்து நிற்கிறார். பாதிக் கார் அவருக்குப் பின்னே மறைந்திருக்கிறது. நினைவிலிருந்து படம் வரைந்தேன். பின்னர், அதனைச் சோதிக்கும் பொருட்டு யாழ்ப்பாணம் சென்றேன். பழைய கார்கள் திருத்தும் கராச் ஒன்றிலே, சக்கரங்களின்றிக் கட்டைகளின்மேல் சொமசெற் ஒன்று நின்றது. முதியவரான உரிமையாளர், "அளந்து என்ன தம்பி செய்யப் போறியள்?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை, கராச்சில் வேலை பழகும் பையனைக் கூப்பிட்டு, அளவுநாடாவின் முனையைப் பிடிக்கச் சொன்னார்.

என் படம் பெரும்பாலும் பிழை. திருப்பத்திலே வெளியே நீளும் சிறு கைகாட்டியை நான் முன்சக்கரத்தின் மேல் வரைந்திருந்தேன். அது இரு கதவுகளுக்கும் நடுவிலுள்ள தூணில் இருந்தது. முன்புறத்துக் குறுக்குக் கம்பிகளின் எண்ணிக்கையும் பொருந்தவில்லை. காரின் உயரத்தை மிகைப்படுத்தியிருந்தேன்; பன்னிரண்டு வயதுச் சிறுவன் கண்ட உயரம் அது. அளந்துகொண்டு போகையில், நாடா தொய்ந்தது. "நேராய்ப் பிடியும் தம்பி" என்று பையனைச் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். சொன்னவுடன், அதே சொல்லை அதே குரலில் என் தந்தையாரிடம் சொன்ன பிற்பகல் நினைவுக்கு வந்தது. படலையில் நின்றவரும் நினைவுக்கு வந்தார்.

"கார் வேலையிலை நிக்குது." சிறுவனாயிருந்தபோது, காருக்கு ஏதோ திருத்தவேலை இருக்கிறதென்று அவர் பொய் சொன்னதாக நினைத்திருந்தேன். பருத்தித்துறைக்குப் போய்வரும் வாடகை எங்கள் வீட்டின் இரண்டு நாட் செலவுக்குப் போதும். அதை விட்டுவிட்டு, வெயிலிலே, சினக்கும் மகனுக்கு நாடா பிடித்துக்கொண்டு அவர் நின்றார். அவர் சொன்னது பொய்யன்று. அந்தப் பிற்பகலில் அக்கார் என் வேலையில் நின்றது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு நாற்பது ஆண்டுகள் சென்றன. விளங்கியதைச் சொல்ல அவர் இல்லை. பையனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மிச்சத்தை அளந்து முடித்தேன்.

கொழும்புக்குத் திரும்பும்போது முள்முருக்கங் கட்டையொன்றையும் கொண்டுவந்தேன். செதுக்கி, உள்ளே குடைந்து, அரத்தாளால் முதலிற் கரடாகவும் பின்னர் நுணுக்கமாகவும் தேய்த்து, மரத்தின் துளைகளை அடைத்து, மீண்டும் தேய்த்தேன். மரத்தின் நார் கண்ணுக்குத் தெரியாதவரை இதுவே வேலை. முன்விளக்கின் கண்ணாடிகளுக்கு ஒவ்வொரு துளி தெளிந்த பிசின். பழைய பெட்டியின் பிளாஸ்டிக் தண்டை மெழுகுதிரிச் சுடரில் வாட்டி இழுத்தால், மயிரிழை போல நீளும். அது நீர்துடைப்பானின் கம்பியாயிற்று.

வேலை நடந்துகொண்டிருக்கையில் ஒரு கேள்வி எழுந்தது. எந்த ஆண்டின் காரைச் செய்வது? 1985இல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழுவித் துடைத்து, மினுங்கிக்கொண்டு நின்ற காரையா? அல்லது 1993இல், பக்கம் நெளிந்து, மண்ணெண்ணெய்ப் புகை படிந்து, பெற்றோற் போத்தலோடு ஓடிய காரையா? மினுங்கும் காரைச் செய்வதே என் விருப்பமாக இருந்தது. தமையனாரைத் தொலைபேசியிற் கேட்டேன். "போத்தல் இல்லாட்டி அது அப்பாவின்ரை கார் இல்லை" என்றார். அவர் சொன்னதே சரியென்று பட்டது. சிறுவயதில் நான் காரைச் செய்தது அதைச் சொந்தமாக வைத்திருக்கும் ஆசையால். இப்பொழுது செய்வது, அந்தக் காரையும் அதை ஓடவைத்த மனிதரையும் உள்ளபடி பார்ப்பதற்காக. ஆகவே இடப்பக்கத்து நெளிவைச் செதுக்கினேன். சாரதியின் இருக்கையருகே, 8 மில்லிமீற்றர் உயரமான ஒரு போத்தலை வைத்தேன். யன்னலினூடே கூர்ந்து பார்ப்பவருக்கு மாத்திரம் அது தெரியும்.

ஆரம்பத்தில் ஒரு கேள்வி கேட்டேன்: கார் வடிவமைப்பாளராக வராத எங்களுக்கு இக்கைவேலையால் என்ன பயன்? கை ஒரு பொருளைச் செய்யும்போது கண் அதனை மறுமுறை பார்க்கிறது. நினைவு தன் விருப்பப்படி உயர்த்தியும் தாழ்த்தியும் வைத்திருப்பவற்றை அளவுநாடா திருத்திவிடுகிறது. பிள்ளையாய் இருந்தபோது பார்க்கத் தவறியதை, பிள்ளை விளையாட்டொன்றின் வழியாகவே திரும்பப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

இவ்வாறு திரும்ப விரும்பும் நேயர்களுக்குச் சில சொற்கள். முதலில் எளிய பெட்டியொன்றை எடுங்கள். கைக்குப் பழக்கம் திரும்பும்வரை அருமையான பெட்டியைத் தொடாதீர்கள். பெட்டிகளை வாங்கிக் குவிக்காதீர்கள். வாங்குவது வேறு, செய்வது வேறு. ஒட்டும்போதும் பூசும்போதும் யன்னல்களைத் திறந்து வையுங்கள். அந்த ஆவி உடலுக்கு ஆகாது. இரவு விளக்கைவிடக் காலை வெளிச்சம் கண்ணுக்கு நல்லது. வீட்டுச் சிறுவர் பக்கத்தில் வந்து நின்றால் விரட்டாதீர்கள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் எப்போதும் வேண்டும்.

சென்ற சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போனபோது, பஞ்சிற் பொதிந்து அந்தச் சொமசெற்றைக் கொண்டுபோனேன். அம்மாவுக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது, பார்வையும் குறைந்துவிட்டது. காரை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். நெளிவிலே விரல் சற்று நின்றது. பின்னர் பின்கதவுக்குப் போயிற்று. என் மாதிரியிற் கதவுகள் திறவா. அவை மரத்திற் கீறிய கோடுகள் மாத்திரமே. அம்மா அந்தக் கோட்டின் கீழே நகத்தை வைத்து, தூக்குவதுபோலச் செய்து, "தம்பி, இந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கியெல்லோ சாத்த வேணும்" என்றார்.

அதை நான் அளந்து வரவில்லை. அடுத்த காரிற் கதவு திறக்கும்.